பிள்ளையைக் கேட்டுத்தான் எல்லாம்

அந்தத் தத்துவம் எங்கள் வீட்டுக்குள் தடிமன் மாதிரித்தான் வந்தது. முதலில் மனைவிக்கு வந்தது. அவளிடமிருந்து எனக்குத் தொற்றியது. அவளுக்குத் தணிந்த பிறகும் எனக்கு விடவில்லை.

அவள் மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜில் ஒரு கார்டெரியில், அதாவது தாய் தகப்பன் வேலைக்குப் போகும் நேரம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், உதவியாளராக இருந்தாள். நிரந்தர வேலை வேண்டுமென்றால் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்ப் படி என்றார்கள். போனாள். அங்கே சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பிள்ளை என்பது பெரியவர் ஒருவரின் குட்டைப் பிரதி இல்லை, அது இப்போதே முழு மனிதர். தன்னால் முடிந்ததை அது தானே செய்யட்டும், தானே தெரிவு செய்யட்டும். பெரியவர்களுக்கு உள்ள ஒரே வேலை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பது.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சென்ட் லோரன்டில், ஒரு மருந்துத் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் பின்னேர வேலை. பெட்டிகளை அடுக்குகிறவனுக்கு வாசிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், என் மேற்பார்வையாளரும் கேட்டிருக்கிறார். மனைவி பாடத்துக்குக் கொண்டுவந்த புத்தகத்தை நான் பஸ்ஸில் வாசித்தேன். பிறகு நூலகத்தில் அந்தத் தட்டு முழுவதையும் வாசித்தேன். அவள் சான்றிதழுக்காகப் படித்தாள், நான் மோட்சத்துக்காகப் படித்தேன். ஒரு மாதத்துக்குள் வீட்டில் அவள் பக்தை, நான் பூசாரி.

முதலில் கொழுக்கிகளை இறக்கினேன். பிள்ளை தன் குளிர் ஜக்கெட்டைத் தானே கொழுவ வேண்டுமல்லவா? அவளுடைய தோள் உயரத்தில் வரிசையாக அடித்தேன். உற்சாகத்தில் பெரியவர்களுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எங்கள் இருவரின் ஜக்கெட்டுகளும் அந்தக் குளிர்காலம் முழுவதும் பாதி கொழுக்கியிலும் பாதி தரையிலும், யாரோ முழங்காலில் இருந்து மன்னிப்புக் கேட்பது போலக் கிடந்தன.

பால் ஊற்ற ஒரு சின்னக் கூசா. சிந்தினால் துடைக்க அவளுக்கென்று ஒரு சின்னத் துணி. எந்த வேலையையும் விரித்துச் செய்ய ஒரு சின்னப் பாய். வேலை முடிந்ததும் பாயைச் சுருட்டி இருந்த இடத்தில் வைக்க வேண்டும். அவள் வைத்தாள். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது எனக்குத்தான்.

பாராட்டக் கூடாது, வெருட்டக் கூடாது என்பது அடுத்தது. இதில்தான் நான் திக்குமுக்காடினேன். எனக்குத் தெரிந்த தமிழில் பிள்ளைகளோடு கதைக்க இரண்டு வசனங்கள்தான் உண்டு. ஒன்று "கெட்டிக்காரி". மற்றது "அடி விழும்". இரண்டையும் பறித்த பிறகு சில கிழமைகள் நான் ஊமையாகத் திரிந்தேன். பிறகு, கண்டதை அப்படியே சொல்லப் பழகினேன். "நீங்கள் பாலைச் சிந்தாமல் ஊத்தியிருக்கிறீங்கள்." ஏதோ கிரிக்கெட் வர்ணனையாளன் போல.

எல்லாவற்றிலும் கஷ்டம் தீத்தாமல் இருப்பது. சோற்றைக் குழைத்து, உருட்டி, பிள்ளையின் வாயில் வைப்பதைத் தவிர அன்புக்கு வேறு உருவம் இருப்பதாக எங்கள் ஆட்களில் யாருக்கும் தெரியாது. மொன்ட்ரியால்-நோரில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனோம். மண்டபம் முழுவதும் தாய்மார் தட்டும் கையுமாகப் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் மகள் மட்டும் கதிரையில் நிமிர்ந்திருந்து, தானே கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டு, வாயைத் துடைத்தாள். பக்கத்து மேசையில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் இரகசியமாக, மண்டபத்தின் மறுகோடியில் கேட்கும்படி சொன்னார்: "பாவம், தாயில்லாப் பிள்ளையாக்கும்." தாய் பக்கத்தில்தான் இருந்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

காலையில் உடுப்பும் சப்பாத்தும் போட்டு அவளை வெளிக்கிடுத்துவது என் பொறுப்பு. வெளிக்கிடுத்துவது என்ற சொல்லே பிழை. அவள் வெளிக்கிடுவாள், நான் சாட்சி. எங்கள் கட்டடத்தில், எதிர்வீட்டில் ஒரு அண்ணை இருந்தார். கோழி வெட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து அவர் படியேறும் நேரமும், நாங்கள் படிக்கட்டில் சப்பாத்துப் போடும் நேரமும் ஒன்று.

"என்ன தம்பி, ஜனாதிபதி இன்னும் சப்பாத்துப் போட்டு முடிக்கேல்லையோ?"

"தானே போடுறா அண்ணை."

"தெரியுது. நான் போய்க் குளிச்சுச் சாப்பிட்டு ஒரு நித்திரையும் கொண்டிட்டு வாறன். அதுக்குள்ள ஒரு கால் முடிஞ்சிடும்."

மகள் நிமிராமலே சொன்னாள்: "மாமா, நீங்கள் கதைச்சா எனக்குப் பிழை வந்திடும்."

அவர் வாயில் விரலை வைத்துக்கொண்டு, கள்ளனைப் போல நுனிக்காலில் எங்களைக் கடந்து போனார். அவருக்கு அவளில் சரியான விருப்பம். என்னைத்தான் விசரன் என்று நினைத்தார். "உங்கட வீட்டில இண்டைக்கு என்ன கறி? வாக்கெடுப்பு முடிஞ்சுதோ?" என்று கேட்பார்.

வாக்கெடுப்பு என்பதில் உண்மை இருந்தது. பிள்ளையிடம் 'என்ன வேணும்' என்று வெறுமனே கேட்கக் கூடாது, அது திகைத்துவிடும். இரண்டைக் காட்ட வேண்டும். இரண்டுமே கேட்கிறவருக்குச் சம்மதமானதாக இருக்க வேண்டும். பிள்ளை எதைத் தெரிவு செய்தாலும் முகம் கோணக் கூடாது. இதுதான் விதி. காலுக்குச் சிவப்பு மேசோ, நீல மேசோ? புட்டோ, பாணோ? பஸ்ஸில் போவமோ, நடந்து போவமோ? மூன்று வயதில் தொடங்கி ஏழு வயது வரை, எங்கள் வீட்டில் ஒரு நாளும் அவளைக் கேட்காமல் விடிந்ததில்லை. அவளும் அவசரப்படமாட்டாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு நீதிபதியின் நிதானத்தோடு விரலை நீட்டுவாள்.

இதற்கிடையில் எங்கள் கலியாண வாழ்க்கை முடிந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போது சத்தம் சந்தடி ஏதாவது சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். சேர்க்க ஒன்றும் இல்லை. பேசிச் செய்த கலியாணம். படம் அனுப்பி, சாதகம் பொருத்தி, ஸ்பொன்சர் பண்ணி வந்தவள். அவளுக்குப் பகல் வேலை, எனக்குப் பின்னேரம். வாசலில் சந்திப்போம். ஒருவர் சப்பாத்தைக் கழற்ற மற்றவர் போடுவார். "சாப்பிட்டவ. கொஞ்சம் இருமல் இருக்கு. நாளைக்கு நூலகப் புத்தகம் குடுக்கோணும்." ஆஸ்பத்திரியில் ஒரு தாதி மற்றத் தாதியிடம் நோயாளியை ஒப்படைக்கிற மாதிரி. பிள்ளையோடு கதைக்கும்போது முழங்காலில் இருந்து, அவளுடைய கண்மட்டத்துக்கு இறங்கி, குரலைத் தாழ்த்திக் கதைத்தோம். எங்களுக்குள் கதைக்க அவ்வளவு ஆயத்தம் செய்ய ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அவளுடைய அக்காமார் டொரொன்டோவில் இருந்தார்கள். அங்கே ஒரு பாலர் நிலையத்தில் பொறுப்பாளர் வேலை வந்தது. "நான் அங்க போறன்" என்றாள். நீங்களும் வாறீங்களோ என்று அவள் கேட்கவில்லை. நானும் வாறன் என்று நான் சொல்லவில்லை. அதுதான் எங்கள் சண்டை. முழுச் சண்டையும் அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது மகள்.

எங்கள் ஆட்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்பது தெரியும். மாமன் சித்தப்பன் கூடிப் பேசுவார்கள். 'பிள்ளைக்காகச் சேர்ந்திருங்கோ' என்பார்கள். சேராவிட்டால் பிள்ளை யாரோடு என்பதையும் அவர்களே முடிவுசெய்வார்கள். பிள்ளை அடுத்த அறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் காட்டுமிராண்டித்தனத்தில் இருந்து நாங்கள் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்தோம்.

"அவவையே கேப்பம்" என்றேன்.

மனைவி சொன்னாள்: "சின்னப் பிள்ளையப்பா."

"சின்னப் பிள்ளை எண்டு சொல்லக் கூடாதெண்டு நீர்தானே படிச்சுக்கொண்டு வந்தனீர்."

"அது மேசுக்கும் புட்டுக்கும்."

"அவவின்ர சீவியம், அவவைக் கேக்காமல் ஆரைக் கேக்கிறது?"

அவள் பிறகு மறுக்கவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது, எனக்கு இருந்த அதே நம்பிக்கை. மகள் என்னைத்தான் காட்டுவாள் என்று நான் நினைத்தேன், தன்னைத்தான் காட்டுவாள் என்று அவள் நினைத்தாள். தேர்தலில் இரண்டு வேட்பாளர்களுக்கும் வெற்றி நிச்சயம் என்றால் தேர்தலை வைக்க யார்தான் மறுப்பார்கள்?

ஒரு சனிக்கிழமை காலை பாயை விரித்தோம். மூவரும் இருந்தோம். விதிப்படி எல்லாவற்றையும் செய்தோம் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். குரல் தாழ்ந்திருந்தது, முகம் கோணவில்லை. அம்மாவும் அப்பாவும் இனி ஒரே வீட்டில் இருக்க மாட்டினம், அது உங்களால இல்லை என்று மனைவி சொன்னாள். டொரொன்டோவில் அம்மாவோட இருக்கலாம், இஞ்ச அப்பாவோட இருக்கலாம், ரெண்டும் நல்லது என்று நான் சொன்னேன்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். விரல் வரவில்லை.

"எவ்வளவு நேரம் யோசிக்கலாம்?"

"நீங்கள் விரும்பின அளவு."

அவள் எழும்பினாள். நாங்கள் இன்னும் அதில் இருக்கிறோம் என்று கண்டு, நாங்கள் எழும்பும்வரை காத்து நின்றாள். பிறகு பாயைச் சுருட்டிக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளை நான் அடிக்கடி நினைப்பதில்லை என்று சொல்லப் பார்க்கிறேன்.

அவள் எங்களைச் சரிசமமாகப் பிரிக்கத் தொடங்கினாள். தாய்க்கு ஒரு முத்தம் கொடுத்தால், நான் குளியலறையில் இருந்தாலும் கதவைத் தட்டி எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டுப் போவாள். சோபாவில் சரி நடுவில் இருப்பாள். யாராவது ஒருவர் எழும்பிப் போனால் தானும் எழும்பிவிடுவாள், மற்றவரோடு தனியே இருப்பது ஒரு பதிலாகிவிடும் என்ற பயத்தில். பள்ளிக்கூடத்தில் கீறுகிற படத்தை ஆளுக்கொன்றாக இரண்டு கீறிக்கொண்டு வந்தாள். ஆசிரியை பிரெஞ்சில் என்னிடம், அவள் அமைதியாகிவிட்டாள், நல்ல பிள்ளை என்றார். நான் மெர்சி என்று நன்றி சொன்னேன்.

சாப்பாடு இறங்கவில்லை. புட்டோ பாணோ என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கள் சொல்லுங்கோ" என்பாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தெரிவு செய்ய அவளுக்கு அவகாசம் தேவை என்று புத்தகத்தில் அந்த அதிகாரத்தைத் திரும்பவும் வாசித்தேன். அவகாசம் கொடுத்தேன். புட்டு ஆறியது.

பிள்ளைக்குப் பொய் சொல்லக் கூடாது என்பதும் எங்கள் வீட்டு விதி. ஊசி நோகாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கொஞ்சம் நோகும், பக்கத்தில் நிற்பேன் என்றுதான் சொல்வோம். ஒரு பின்னேரம் அவள் மனைவியிடம் கேட்டிருக்கிறாள்: "நான் அப்பாவை விட்டிட்டு வந்தா அப்பா அழுவாரா?"

மனைவி உண்மை சொன்னாள். "ஓம், அழுவார்."

அடுத்த நாள் காலை என்னிடம் வந்தாள். "நான் இஞ்ச நிண்டா அம்மா அழுவாவா?"

"ஓம்."

அவள் யோசித்தாள். அந்த நீதிபதியின் முகம். "ரெண்டு பேரில ஆர் நிறைய அழுவீங்கள்?"

இந்தக் கேள்விக்குப் பதில் எந்த அதிகாரத்திலும் இல்லை.

அன்றைக்கும் படிக்கட்டில் இருந்தோம். அண்ணை வேலையால் வந்துகொண்டிருந்தார். வழக்கம்போலத் தொடங்கினார். "என்ன ஜனாதிபதி, காலில என்ன கூட்டணி ஆட்சியோ?"

அப்போதுதான் நான் பார்த்தேன். ஒரு காலில் சிவப்பு மேஸ், மற்றக் காலில் நீலம்.

"ஏன் பிள்ளை, மாறிப் போட்டிட்டீங்களோ?" என்றார் அவர்.

"இல்லை மாமா. ஒண்டைப் போட்டா மற்றது அழும்."

அவர் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எங்கள் விஷயம் அவருக்குத் தெரியும், கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட்டதுதான் தெரியாது. "தம்பி, நீங்கள் பிள்ளையிட்டயோ கேட்டனீங்கள்?" என்றார். நான் குனிந்து அவளுடைய சப்பாத்தை எடுத்தேன். "கடவுளே" என்றார். தன் கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு மூடிய பிறகும் அவர் அந்தப் பக்கத்தில் நிற்பது தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை மகள் குளித்துக்கொண்டிருந்த நேரம், குசினியில் மனைவியோடு கதைத்தேன். எங்கள் கலியாணத்தில் நாங்கள் கதைத்த கதை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

"நீர் அவவைக் கூட்டிக்கொண்டு போம்" என்றேன்.

அவள் சிங்கில் தண்ணீரை நிற்பாட்டினாள். "அவள் சொல்லிட்டாளோ?"

"இல்லை. நான் சொல்லுறன்."

"கேக்காமலோ?"

"கேட்டது காணும். எனக்குப் பின்னேர வேலை. ஆர் பாக்கிறது? அங்க பெரியம்மாமார் இருக்கினம், பிள்ளையள் இருக்கினம். நீர் பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்கு வீட்டில நிப்பீர். இதெல்லாம் முதலே எங்களுக்குத் தெரியும்தானே. தெரிஞ்சுகொண்டு அவவிட்டக் கேட்டிருக்கிறம்."

அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே சொன்னாள்: "ரெண்டு பேருமாச் சேர்ந்து சொல்லுவம்."

"வேண்டாம். நான் தனியச் சொல்லுறன்."

"உங்களைக் கோவிப்பாளப்பா. சரியாக் கோவிப்பாள்."

"கோவிக்கட்டும். உம்மைக் கோவிக்கக் கூடாது. உம்மோடதானே இருக்கப்போறா."

அவள் என் கையைப் பிடித்தாள். ஈரக் கை. அப்போது ஏதாவது நடந்திருக்கலாம், இரண்டு பேரும் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். குளியலறையில் தண்ணீர் நின்றது. அவள் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

மகள் தலை ஈரத்தோடு வந்தாள். நான் முழங்காலில் இருக்கவில்லை. இருந்தால் குரல் உடைந்துவிடும். என் அப்பா நின்றதைப் போல நின்றேன், அவருடைய குரலும் எங்கிருந்தோ வந்தது, இத்தனை வருடமும் தொண்டைக்குள் காத்திருந்த மாதிரி.

"நீ அம்மாவோட டொரொன்டோவுக்குப் போறாய். நான் முடிவெடுத்திட்டன்."

"நான் இன்னும் யோசிச்சு முடிக்கேல்லை."

"யோசிக்கத் தேவையில்லை."

"நீங்கள் என்னைக் கேக்கோணும்!"

"கேக்கேல்லை."

"எனக்கு ரெண்டு தரோணும்!"

"ரெண்டு இல்லை. இதுதான்."

"அம்மாவும் சொன்னவவோ?"

"அம்மா இல்லை. நான்."

முதலில் பிரெஞ்சில் திட்டினாள், பிறகு தமிழில். நீங்கள் கூடாத அப்பா என்றாள். அவளிடமிருந்து அத்தனை சத்தம் வந்து நான் கேட்டதில்லை. இரண்டு கையாலும் என் வயிற்றில் குத்தினாள். நான் வயிற்றை உள்ளே இழுக்காமல் நின்றேன். பிறகு தாயிடம் ஓடி, அவளுடைய சட்டைக்குள் முகத்தைப் புதைத்து, அங்கேயே நின்று அழுதாள். எனக்குச் சமபங்கு தர அவள் திரும்பி வரவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான், ஒரு பக்கத்தில் நிற்க அவளுக்கு அனுமதி கிடைத்தது.

அன்றிரவு புட்டுச் சாப்பிட்டாள். இன்னும் வேணும் என்று தாயிடம் கேட்டுச் சாப்பிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. நான் அறைக்குள் இருந்து அந்தக் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மனைவியின் அக்கா புருசன் வான் கொண்டுவந்தார். அண்ணை படுக்கப் போகாமல் சாமான் ஏற்றினார். மகள் பின் இருக்கையில் பட்டியைத் தானே பூட்டினாள். கண்ணாடியைத் தட்டினேன், அவள் மற்றப் பக்கம் பார்த்தாள். நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்ததால் வலி குறையும் என்று எங்கோ வாசித்திருந்தேன். வாசிப்பின் பயனை நான் சந்தேகிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் எடுப்பேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் மனைவிதான் கதைத்தாள். "பக்கத்திலதான் நிக்கிறாள். வரமாட்டாளாம்." பின்னால் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்கும், அதில் எது அவளுடையது என்று கண்டுபிடிக்க முயல்வேன். பனி கரைகிற காலத்தில் ஒருநாள் வந்து, தன் பல்லு விழுந்த கதையைச் சொன்னாள். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தாள். வளர்ந்தாள். விடுமுறைக்கு வந்து நின்றாள், போனாள். நான் காலை வேலைக்கு மாறினேன், அது யாருக்கும் பயன்படாத காலத்தில்.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. தமிழ் வகுப்போ நீச்சல் வகுப்போ என்று ஒருகாலம் கேட்டோம், நீச்சல் என்றாள். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருசம் டொரொன்டோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தான் கட்டப்போகிற பெடியனை எனக்கு அறிமுகப்படுத்தினாள். நல்ல பெடியன். சின்ன வயசில் இவள் எப்படி என்று என்னிடம் கேட்டான். நான் வாயைத் திறக்க முதல் அவள் சொன்னாள்: "அவரிட்டக் கேக்காதை. என்ர அப்பா நல்ல பழைய யாழ்ப்பாணத்து அப்பா. முடிவெடுத்தா முடிவுதான். எனக்கு ஏழு வயசு, 'நீ போறாய்' எண்டார். அவ்வளவுதான், பெட்டியைப் பாக் பண்ணு."

பெடியன் தன்னை அறியாமல் கதிரையில் நிமிர்ந்தான்.

"அதுக்கு முதல் நடந்தது ஏதும் ஞாபகம் இருக்கோ?" என்றேன்.

"எதுக்கு முதல்?"

"சும்மா கேட்டனான்."

"இல்லை. நீங்கள் நிண்டுகொண்டு சொன்னதுதான் ஞாபகம்." அவள் என் கைமேல் கையை வைத்தாள். "இப்ப கோவமில்லை அப்பா, சத்தியமா. ஆனா ஒருக்காலாவது என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்தான்" என்றேன்.